அரிசியை விட்டுவிட்டு 42 கிலோமீட்டர் ஓடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 38 வயது. கோவையில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று வருடமாக ஓடுகிறேன், நான்கு அரை மாரத்தான் முடித்திருக்கிறேன். ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடப் பதிவு செய்துவிட்டேன். ஓடும்போது சக்திக்குச் சாப்பிடும் ஜெல், புரதப் பவுடர் எதுவும் தொடாமல் முழுக்க இயற்கை முறையில் தயாராக வேண்டும் என்று ஆசை. ஆறு மாதமாக அரிசி, கோதுமை, சர்க்கரை மூன்றையும் நிறுத்திவிட்டேன். காலையில் எலுமிச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஓடுவேன். வாரம் 55 கிலோமீட்டர் வரும். ஓடி முடித்ததும் ஒரு டம்ளர் கம்பங்கூழ், மதியம் ஒரு கப் சாமைச் சோறும் பொரியலும், மாலையில் கொஞ்சம் சுண்டல், கிரீன் டீ, இரவு ஏழு மணிக்குள் பழம். தண்ணீர் தினமும் ஐந்து லிட்டர். எடை 54 கிலோவிலிருந்து 50 ஆகிவிட்டது, எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் 25 கிலோமீட்டர் தாண்டினால் கால் பூட்டிக்கொள்கிறது. முடி கொட்டுகிறது. எங்கள் குழுவில் ஓர் அண்ணன் 180-லிருந்து வயதைக் கழித்து, அந்த இதயத் துடிப்புக்குள் ஓடச் சொல்கிறார். ஸ்டாமினா ஏற இயற்கையாக என்ன சாப்பிடலாம்? இன்னொன்று, இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. வலது காலில் கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஓர் இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறது. நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்கிறேன். (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

'இன்னொன்று' என்று போகிற போக்கில் சொன்னீர்களே, அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். கிளினிக்கிலும் இப்படித்தான். அரை மணி நேரம் பேசிவிட்டு, கதவைத் திறந்துகொண்டே கடைசியாக ஒன்று சொல்வார்கள். அதுதான் வந்த விஷயமாக இருக்கும்.

இன்றிலிருந்து ஓடாதீர்கள். எலும்பின் மேல் ஒரே இடத்தில், விரல் நுனி அளவுக்கு வலி என்றால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்போமே, அதுதான். ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம். 'எக்ஸ்ரே நார்மல், ஓடலாம்' என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாமல், எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ கேளுங்கள். விரிசல்தான் என்றால் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரம் ஓய்வு, அப்புறம் நடை, அப்புறம் மெதுவாக ஓட்டம். ஜனவரி முழு மாரத்தான் போய்விடும். பதிவுக் கட்டணமும்தான். வருத்தமாகத்தான் இருக்கும். விரிசலோடு ஓடி எலும்பு முழுதாக முறிந்தால் அடுத்த ஜனவரியும் போகும். நல்லெண்ணெய் தோலுக்கு நல்லது. எலும்பு வரைக்கும் அது போகாது.

மாதவிடாய் நிற்பதும் இதே கதையின் இன்னொரு பக்கம். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தைராய்டு, புரோலாக்டின் ஆகிய ஹார்மோன் அளவுகள் இரண்டையும் பார்க்கச் சொல்லி ஒரு மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். 'ஓட்டம் அதிகமானால் அப்படித்தான்' என்று சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருகாலத்தில் பயிற்சியாளர்களே அப்படித்தான் சொன்னார்கள், சிலர் அதை நன்றாக உழைப்பதற்கு அடையாளம் என்றுகூட நினைத்தார்கள். ஓட்டம் தன்னால் மாதவிடாயை நிறுத்துவதில்லை. ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததுதான் நிறுத்துகிறது. உடம்பு ஒரு சிக்கனமான குடும்பத் தலைவி மாதிரி. வரவு குறைந்தால் எந்தச் செலவை முதலில் வெட்டுவது என்று அதற்குத் தெரியும். பிள்ளைப்பேறு, எலும்பு, முடி, எதிர்ப்புச் சக்தி எல்லாம் 'பிறகு பார்க்கலாம்' பட்டியலுக்குப் போய்விடும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு பலவீனமாகும். உங்கள் காலில் இருக்கும் வலிக்கும் வராத மாதவிடாய்க்கும் அனேகமாக ஒரே வேர்தான்.

2014-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதற்கு ஒரு பெயர் வைத்தது. சுருக்கமாக 'ரெட்-எஸ்' என்பார்கள். விளையாட்டில் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாததால் உடம்பு முழுவதும் ஏற்படும் கோளாறு என்று பொருள். ஆண்களுக்கும் வரும். அவர்களுக்கு மாதவிடாய் மாதிரி ஓர் எச்சரிக்கை மணி இல்லாததால் இன்னும் தாமதமாகத்தான் கண்டுபிடிப்போம்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நீங்கள் எழுதிய சாப்பாட்டைத் தாராளமாகக் கூட்டினாலும் 1,250 கலோரிக்கு மேல் தேறாது. ஓட்டத்துக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கலோரி செலவு. 50 கிலோ, வாரம் 55 கிலோமீட்டர் என்றால் 2,750. ஒரு நாளைக்குச் சராசரியாக 400. மிச்சம் 850 கலோரியில்தான் இதயம், மூளை, கல்லீரல், எலும்பு, வகுப்பில் நாற்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நடக்க வேண்டும். உடம்பில் கொழுப்பு போக உள்ள எடையை 38 கிலோ என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 22 கலோரி வருகிறது. 45 இருந்தால் நிம்மதி. 30-க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் தடுமாற ஆரம்பிக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நீங்கள் 22-ல் நின்றுகொண்டு 'ஸ்டாமினா ஏற என்ன சாப்பிடலாம்' என்று கேட்கிறீர்கள். இன்னும் ஒரு தட்டு சோறு சாப்பிடலாம் என்பதுதான் என் முதல் பதில்.

உங்கள் பட்டியலில் கெட்ட பொருள் ஒன்றுகூட இல்லை. கம்பு, சாமை, சுண்டல், பழம் எல்லாம் அருமையானவை. அளவுதான் பத்தவில்லை. ஆனால் 'இயற்கை' என்ற பெயரில் நம் ஊரில் இப்போது நடப்பதில் பாதி, விலக்குவதுதான். இதை விடு, அதை விடு, ஏழு மணிக்கு மேல் வாயைத் திறக்காதே. நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்துத் தொப்பை போட்டவருக்கு அந்த யோசனை பொருந்தலாம். வாரம் 55 கிலோமீட்டர் ஓடும் 50 கிலோப் பெண்ணுக்கு அது பட்டினி.

உலகத்தில் நெடுந்தூரம் ஓடிப் பழகிய மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். கென்யாவின் முன்னணி ஓட்டக்காரர்களின் சாப்பாட்டை எடைபோட்டுப் பார்த்த ஆய்வு 2004-ல் வெளியானது. அவர்கள் சாப்பிட்டதில் நான்கில் மூன்று பங்கு சக்தி மாவுச்சத்திலிருந்து வந்தது. உகாலி என்ற மக்காச்சோளக் களி, கீரை, பீன்ஸ், கொஞ்சம் பால், அப்புறம் தாராளமாகச் சர்க்கரை போட்ட பால் தேநீர். நம் ஊர்க் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் அதற்குச் சொந்தக்காரர்கள்தான். மெக்சிகோவின் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் ரராமுரி மக்கள் நாள் முழுக்க ஓடுவதற்குப் பெயர் போனவர்கள். அவர்களுடைய உணவும் மக்காச்சோளமும் பீன்ஸும்தான். வறுத்து அரைத்த மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். நம் சத்துமாவுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் யாரும் மாவுச்சத்தைக் கண்டு ஒதுங்கவில்லை.

25 கிலோமீட்டரில் கால் ஏன் பூட்டிக்கொள்கிறது? நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து 400, 500 கிராம் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து, இருக்கும். உங்கள் உடல்வாகுக்கு அதைவிடக் குறைவு. அதையும் நீங்கள் பாதிதான் நிரப்பியிருப்பீர்கள். கொழுப்பு எவ்வளவு மெலிந்தவரிடமும் பல மாரத்தானுக்குப் போதுமான அளவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது கனத்த விறகு. நின்று எரியும், உடனே பற்றாது. அதே அளவு சக்திக்கு அதிக ஆக்சிஜனும் கேட்கும். கிளைக்கோஜன் என்ற சுள்ளி தீர்ந்தால் அடுப்பு தணிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் உலகத்தர நடைப்போட்டி வீரர்களை மூன்று வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த, கொழுப்பு நிறைந்த உணவில் வைத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. கொழுப்பை எரிக்கும் திறன் அபாரமாகக் கூடியது, ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் செலவானது. மாவுச்சத்து சாப்பிட்டவர்கள் பயிற்சியால் முன்னேறினார்கள், இவர்கள் முன்னேறவில்லை.

அந்த அண்ணன் சொன்ன 180 கணக்குக்கு வருகிறேன். அது ஃபில் மாஃபெட்டோன் என்ற அமெரிக்கர் சொன்னது. ஹவாயில் நடக்கும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியை ஆறு முறை வென்ற மார்க் ஆலன் அவரிடம் யோசனை கேட்டவர், அதனால்தான் இந்தக் கணக்கு இவ்வளவு பரவியது. 180-லிருந்து 38 போனால் 142. காயம் பட்டவர்கள், முன்னேற்றம் நின்றுபோனவர்கள் இன்னும் ஐந்து கழிக்க வேண்டும் என்பது அவர் விதி. ஆக உங்களுக்கு 137. இது கல்லில் பொறித்த எண் இல்லை. ஒரே வயதுள்ள இருவரின் இதயத் துடிப்பு இருபது கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் அதன் உள்ளே இருக்கும் யோசனை நல்லது: பெரும்பாலான ஓட்டம் மெதுவாக இருக்கட்டும். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, அந்த வேகம் போதும். வாட்ச் வேண்டியதில்லை, வாய் போதும். நம் குழுக்களில் எல்லோரும் எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் மூச்சிரைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். மெதுவான நாளில் வேகம், வேகமான நாளில் களைப்பு. ஆகவே கால் ஆறிய பிறகு அண்ணன் பேச்சைக் கேளுங்கள். மாஃபெட்டோன் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்வதையும் அவர் சேர்த்துச் சொன்னால், அந்தப் பாதியை அவரிடமே விட்டுவிடுங்கள்.

இனி என்ன சாப்பிடுவது? ஓடுவதற்கு முன் வெறும் வயிறு வேண்டாம். ஒரு வாழைப்பழம், அல்லது ராத்திரி ஊற வைத்த பழைய சோற்றில் கொஞ்சம் மோரும் உப்பும். நேரம் இல்லையென்றால் கருப்பட்டி போட்ட ஒரு காபி, நாலு பேரீச்சம்பழம். (காபியை விடச் சொல்ல மாட்டேன். கஃபீன் நெடுந்தூர ஓட்டத்துக்கு உதவும் என்பது நன்றாக நிரூபணமான சில விஷயங்களில் ஒன்று. கோவைக்காரரிடம் காபியை விடச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.) ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சரியான காலைச் சாப்பாடு. கூழ் ஒரு டம்ளர் அல்ல. நாலு இட்லி, சாம்பார், இரண்டு முட்டை. முட்டை சாப்பிடாவிட்டால் அடை, இல்லை பொங்கலோடு கெட்டித் தயிர். மதியம் அரிசியோ சாமையோ, இரண்டு கப், கூடவே பருப்பு. இரவு ஏழு மணிக்குப் பிறகும் சாப்பிடலாம், வானம் இடிந்துவிடாது. புரதம் ஒரு நாளைக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2-லிருந்து 1.6 கிராம், அதாவது உங்களுக்கு 60, 80 கிராம். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, நெத்திலி என்று மூன்று வேளையிலும் பிரித்து வைத்தால் பவுடர் இல்லாமலே எட்டலாம். எலும்புக்குக் கேழ்வரகும் தயிரும் எள்ளும். வைட்டமின் டி அளவையும் பரிசோதித்துவிடுங்கள்.

முடி கொட்டுகிறது என்றீர்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தும் கிடங்கில் இரும்பு காலியாக இருக்கும் ஓட்டக்காரப் பெண்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். கம்பிலும் கீரையிலும் இரும்பு இருக்கிறது, ஆனால் கூடவே அதைக் கட்டிப்போடும் ஃபைட்டேட்டும் இருக்கிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் மூன்றும் அந்தக் கட்டை அவிழ்க்கும். நம் பாட்டிகள் கூழைப் புளிக்க வைத்ததன் பலன்களில் இதுவும் ஒன்று. ஒரு திருத்தம் மட்டும்: பழைய சோற்றில் இரும்பு ஒரே இரவில் பல மடங்கு பெருகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பாதீர்கள். இரும்பு ஒரு தனிமம், பானைக்குள் பிறக்காது. இருப்பதை உடம்பு எடுத்துக்கொள்வது எளிதாகும், அவ்வளவுதான். சாப்பாட்டோடு நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்துக்கொள்ளுங்கள். கிரீன் டீயைச் சுண்டலோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், சுண்டலின் இரும்பை அதுதான் தடுக்கிறது. பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை வேண்டாம். குறைவு என்று தெரிந்தால் மாத்திரைக்குத் தயங்கவும் வேண்டாம். காலியான கிடங்கை முருங்கைக்கீரை மட்டும் வைத்து நிரப்ப வருடக்கணக்காகும்.

மறுபடி நெடுந்தூரம் ஓடும் காலம் வரும்போது ஜெல் இல்லாமல் முடியுமா? தாராளமாக. ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மணிக்கு 30-லிருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு ஜெல்லில் இருப்பது 20, 25 கிராம். நடுத்தர வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அதே அளவு. நாலைந்து பேரீச்சம்பழத்திலும் அதே. எலுமிச்சம்பழ அளவு வெல்லத்தைப் பிட்டு இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு ஓடுபவர்களைத் தெரியும். கடலைமிட்டாய் மட்டும் ஓடும்போது வேண்டாம். கொழுப்பு அதிகம், வயிற்றில் நின்றுவிடும். முடித்த பிறகு அதைவிடச் சிறந்தது கிடையாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது, எல்லைக்கோட்டில் பதக்கத்தோடு அதையும் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். எதுவானாலும் பயிற்சி ஓட்டத்தில் பழகிவிட்டுத்தான் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும், வயிற்றுக்கும் பயிற்சி தேவை. ஜெல்லைப் பேய் மாதிரியும் பார்க்காதீர்கள். பெரும்பாலும் மக்காச்சோளம் மாதிரி ஒரு தானியத்தின் மாவுச்சத்தை உடைத்து எடுத்த பாகு அது. விலைதான் வயிற்றைக் கலக்கும்.

தண்ணீர். ஐந்து லிட்டர் என்பதை யார் சொன்னார்களோ, மறந்துவிடுங்கள். 2002-ல் பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு உப்பில் இருக்கும் சோடியம் குறைந்திருந்தது. மூன்று பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவு. காரணம் வறட்சி அல்ல, ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள் இதில் அதிகம் மாட்டினார்கள், ஏனென்றால் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிக்க அவர்களுக்குத்தான் நேரம் இருக்கிறது. தாகம் எடுத்தால் குடியுங்கள். சென்னையில் ஜனவரி விடியற்காலையிலும் காற்றில் ஈரம் இருக்கும், வியர்வை காயாமல் ஒழுகும். வியர்வை ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகிறது, ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறும். இளநீரை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். அதில் பொட்டாசியம் ஏராளம், நமக்கு வேண்டிய சோடியமோ குறைவு. ஓட்டத்துக்குப் பிறகு குடிக்க இளநீர் நல்லது, ஆனால் கூடவே உப்புள்ள சாப்பாடும் வேண்டும். ஓடும்போது ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, பத்துத் தேக்கரண்டி சர்க்கரை, எலுமிச்சை பிழிந்த கரைசல் போதும். கடையில் விற்கும் விளையாட்டுப் பானம் செய்யும் வேலையை இதுவும் செய்யும். ஓடி முடித்தபின் உப்புப் போட்ட நீர்மோர்.

அப்புறம், 'மூலிகை, பக்க விளைவே இல்லை' என்று ஓட்டக் குழுக்களில் சுற்றும் பொட்டலங்கள். 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் வென்ற தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு, வெயிலில் தள்ளாடிக்கொண்டிருந்தபோது அவருடைய உதவியாளர்கள் முட்டை வெள்ளையில் ஸ்ட்ரிக்னின் கலந்து கொடுத்தார்கள். கூடவே பிராந்தியும். அந்த ஸ்ட்ரிக்னின் நம் எட்டி மரத்துக் கொட்டையில் இருக்கும் விஷம், முழுக்க முழுக்க இயற்கை. மனிதர் எப்படியோ பிழைத்தார். பொட்டலத்தில் உள்ளடக்கம் எழுதியில்லை என்றால் வாங்காதீர்கள், எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நெடுந்தூரம் ஓடுவதும் இதே வகை, சிறுநீரகம் தாங்காது.

எடை 50-லிருந்து ஏறும்போது பாராட்டு நின்றுவிடும், 'என்ன, கொஞ்சம் பூசின மாதிரி இருக்கே' என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு மறுபடி தட்டைக் குறைக்காதீர்கள். எத்தனை கிலோ ஏறியது என்பதைவிட மாதவிடாய் திரும்பியதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். சாப்பாடு கூடியவுடன் அது வந்துவிடாது, சில மாதங்கள் ஆகலாம். கால் வலியில்லாமல் நடக்க ஆரம்பித்ததும், எலும்பு மருத்துவர் சம்மதித்தால் நீச்சலும் நின்ற இடத்துச் சைக்கிளும் செய்யலாம். அந்த நாட்களிலும் இதே அளவு சாப்பாடு.

எம்.ஆர்.ஐ., ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். அப்போது உட்கார்ந்து அடுத்த வருடத்துக்கான ஓட்ட அட்டவணையைப் போடுவோம்.